பனியாண்டிக்கு எதுக்குய்யா ஹூடி?

ஒரு கதாபாத்திரத்தின் பெயருக்காகச் சட்டப் போராட்டம் நடத்தும் இந்தியாவின் முதல் எழுத்தாளன் நான்தான்.

பொய். இந்தியாவில் வேறு யாரெல்லாம் நடத்தினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த இந்தியா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் எனக்கு வியர்க்கும். எழுத்தாளன் என்பதும் பாதிப் பொய். ஐந்தாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். இந்தப் பத்தியைக்கூட நான் எழுதுவதில்லை. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு போனில் பேசி அனுப்புவேன். பத்திரிகை ஆபீஸில் ஒரு மகராசி அதை நீங்கள் படிக்கிற மாதிரியான தமிழாக மாற்றுகிறார். வாராவாரம் என்னைப் பாராட்டுகிறவர்கள் இனிமேல் அவரைப் பாராட்டுங்கள். திட்டுகிறவர்கள் மட்டும் என்னிடம் வாருங்கள்.

இந்த வாரம் அவருக்கு வேலை அதிகம். நான் கொதித்துப்போய் இருக்கிறேன். கெட்ட வார்த்தைகளை எல்லாம் அவர் எடுத்துவிடுவார். எடுத்தது போக ஏதாவது மிச்சம் இருந்தால் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளனே போன் அடித்தது. சிக்கந்தர் பாய். கொடைக்கானல் ஏரி ரோட்டில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறவர். என்னுடைய ‘பனியாண்டி வர்றான்’ புத்தகம் கிடைக்கிற ஒரே கடையும் அவருடையதுதான். யூகலிப்டஸ் தைல பாட்டில்களுக்கு நடுவில் அடுக்கி வைத்திருப்பார். பிரித்தால் கும்மென்று வாசம் வரும். ஜலதோஷம் பிடித்தவர்கள் இரண்டு தடவை படித்ததாகக் கேள்வி.

“மாப்ள, ஒன் புக்கெல்லாம் கட்டி வெச்சிருக்கேன். வெரசா வந்து தூக்கிட்டுப் போயிரு.”

“ஏன் பாய், மழையில நனைஞ்சுருச்சா?”

“நனையல. விக்கக் கூடாதாம். பனியாண்டிங்கிற பேரு இப்ப வேற ஆளுக்குச் சொந்தமாம்டா. வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸ்காரரு நேத்து வந்து சொல்லிட்டுப் போறாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. ரெண்டு டப்பா சாக்லேட்டும் எடுத்துக்கிட்டாரு.”

“நீங்க என்ன பாய் சொன்னீங்க?”

“நட்ஸ் போட்டதா, போடாததான்னு கேட்டேன்.”

இவர்தான் என்னுடைய மொத்த விற்பனைப் பிரிவு.

அவர் வைத்த கையோடு வத்தலக்குண்டு அச்சகத்திலிருந்து போன். என்னுடைய இரண்டாவது புத்தகம் அங்கேதான் அட்டை அச்சாகக் காத்துக்கொண்டிருந்தது. சீசனுக்குள் வந்தால்தான் விற்கும். அங்கேயும் இந்தச் சேதி போயிருந்தது. “வேற பேரு மாத்திக்கலாமாண்ணே? எங்களுக்கு எதுக்கு வம்பு” என்றார் அச்சகத்துத் தம்பி.

வேறு பெயராம். பெற்ற பிள்ளைக்கு ஆறு வயதான பிறகு ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்து, பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு பனியாண்டி யார் என்று சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பனியாண்டி என்று ஒருத்தன் கிடையாது. அதுதான் அவனுடைய விசேஷம்.

பூம்பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். வெயில் இறங்கிப் பனி ஏறியதும் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கும். காவலுக்கு ஒரு வயலுக்கு ஓர் ஆள் நிற்பதே பெரிய காரியம். தனியாக நின்று கத்தினால், தனி ஆள்தான் என்று பன்றிக்குத் தெரிந்துவிடுமாம். எங்கள் ஊர்ப் பன்றிகள் அவ்வளவு விவரம். அதனால் காவலுக்கு நிற்கிறவர்கள் இல்லாத ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். “ஏலே பனியாண்டீ! அங்கிட்டுப் பாருலே, இங்கிட்டு நான் பாக்குறேன்!” என்று ஒரு குரல். உடனே அவர்களே தொண்டையை மாற்றிக்கொண்டு, “இந்தா வந்துட்டேன்!” என்று இன்னொரு குரல். பனிக்குள் கேட்டால் இரண்டு பேர் நிற்கிற மாதிரியே இருக்கும்.

எங்கள் ஊரில் யாரும் பிள்ளைக்குப் பனியாண்டி என்று பெயர் வைக்க மாட்டார்கள். நிஜமாக ஒரு பனியாண்டி இருந்துவிட்டால், ஒவ்வொரு வயலுக்கும் அவன் ஓடியே செத்துவிடுவான் என்று பயம்.

அந்தப் பனியாண்டியைத்தான் நான் கதையாக்கினேன். ஜீப்பில் ஏறுகிற டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்லிச் சொல்லி எட்டுக் கதை சேர்ந்தது. என் பனியாண்டி பெரிய பயந்தாங்கொள்ளி. கையில் டார்ச் உண்டு, பேட்டரி கிடையாது. கூப்பிட்டால் “இந்தா வந்துட்டேன்” என்பான், வரவே மாட்டான். ஒரு கதையில் பாறை என்று நினைத்துக் காட்டுமாட்டின் மேல் சாய்ந்து தூங்கிவிடுவான். இன்னொன்றில் பஸ் வரும் என்று நம்பிக் காத்திருப்பான். எட்டுக் கதையிலும் அவன் போய்ச் சேரமாட்டான். கதையே அதுதான்.

சரி, டீ குடித்தவர்கள் வந்துவிட்டீர்களா?

பாய் கடைக்குப் போனேன். என் புத்தகங்கள் சணலால் கட்டிக் கீழே கிடந்தன. அவை இருந்த இடத்தில், தைலத்துக்கு நடுவில், வேறொரு புத்தகம். வழவழவென்று அட்டை. ‘பனியாண்டி – தி மிஸ்ட் மேன்’. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கலர் படம்.

“இதையும் நீங்கதான் விக்கிறீங்களா பாய்?”

“ஏவாரம்டா மாப்ள. ஒன் புக்கு அட்டை ஒட்டல. இது நல்லா ஒட்டியிருக்கு, பாரு.”

பார்த்தேன். அட்டையில் பனியாண்டி நிற்கிறான். ஹூடி போட்டிருக்கிறான். கையில் கிதார்!

உருளைக்கிழங்கு வயலில் காவல் நிற்கிறவனுக்கு எதுக்குய்யா ஹூடி? தலையை மூடிக்கொண்டால் பன்றி வருவது காதில் விழுமா? கிதாரை வைத்து என்ன செய்வான் — பன்றிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பானா?

கோபத்தை அடக்கிக்கொண்டு உள்ளே புரட்டினேன். மூன்றாவது பக்கத்தைப் பாருங்கள். அவன் வந்துவிடுகிறான்! கூப்பிட்ட உடனே டாணென்று வந்து நிற்கிறான். வந்ததோடு விட்டானா? பன்றியைக் கட்டிப்பிடித்து நண்பனாக்கிக்கொள்கிறான். கட்டிப்பிடிக்கட்டும், எனக்கென்ன... அப்புறம் தையல் போட மலை இறங்கித்தான் போகவேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் பொடியாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து. டி, எம். தமிழ் மீடியம் என்று போட்டிருக்கிறார்கள் போல என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். டிரேட் மார்க்காம். பாய்தான் சொன்னார். அவர் கடை சாக்லேட் டப்பாவிலும் அது இருக்கிறது. யாருடையது என்று அவருக்கும் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் நன்றி போட்டிருந்தது. ‘உள்ளூர் கதைசொல்லிகளுக்கு நன்றி’.

கதைசொல்லிகள்! பன்மையில்! இரண்டு சீசன் இந்த கெஸ்ட் ஹவுஸ் ரோஹன் சாருடைய கெஸ்ட்டுகளை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தொண்டை வறளக் கதை சொன்னவன் நான் ஒருத்தன். முன் சீட்டில் உட்கார்ந்து “சூப்பர்ணா, சூப்பர்ணா” என்று போனில் பதிவு செய்தவர் அவர் ஒருத்தர். எங்கிருந்து வந்தது இந்தக் ‘கள்’? இல்லாத பனியாண்டிக்குப் பெயர் உண்டு. இருக்கிற எனக்குப் பெயர் கிடையாது.

நேராக வட்டக்கானலுக்கு விட்டேன் வண்டியை.

ரோஹன் சார் நல்ல மனுஷன். அதுதான் என் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பன்றிக்கு நடந்தது எனக்கும் நடந்தது.

“அண்ணா! புக் பாத்தீங்களா? எப்பிடி இருக்கு?”

“பேரு என்னுதுங்க.”

“ஆமாண்ணா, உங்ககிட்டதான் கேட்டேன். ஆனா நீங்க ரிஜிஸ்டர் பண்ணலையே?”

“ரிஜிஸ்டர் பண்றதுக்கு அது என்னங்க காலி மனையா?”

“அண்ணா, கோபப்படாதீங்க. புக்ஸுக்கு அந்தப் பேரை ப்ரொடெக்ட் பண்ணணும்ல? நாளைக்கு யாராவது வெளியாளு வந்து எடுத்துட்டா?”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வெளியாள் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்று. வேறு யாரும் இல்லை. ஒரு நாய்தான் படுத்திருந்தது. அதுவும் உள்ளூர் நாய்.

“நீங்க வேற கேரக்டர் ஒண்ணு பண்ணுங்கண்ணா. உங்களுக்கென்ன, கற்பனை கொட்டுது” என்று முதுகைத் தட்டிக் காபி கொடுத்தார். குடித்தேன். ரோஷம் இருக்கிறவன் குடித்திருக்க மாட்டான். ஆனால் அவர் வீட்டுக் காபி நன்றாக இருக்கும்.

மறுநாள் மலை இறங்கினேன். வத்தலக்குண்டில், ஒரு டெய்லர் கடைக்கு மாடியில், கோகிலா மேடம் என்ற வக்கீல் இருக்கிறார். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, விவாகரத்து — இவைதான் அவருடைய அன்றாடம். நான் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆள் உண்டா?”

“இல்லைங்க.”

“இடம்?”

“இல்லைங்க.”

“இல்லாத ஆளோட பேருக்கு ரெண்டு பேரு சண்டை. பரவாயில்ல, அளக்க சர்வேயர் தேவையில்ல.”

சிரித்தாலும் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு விவரமாகச் சொன்னார். ரோஹன் சார் விண்ணப்பம்தான் போட்டிருக்கிறார். பெயரை அவருக்கு இன்னும் கொடுத்துவிடவில்லை. புத்தகம், அச்சடித்த சாமான் என்ற வகுப்பில் கேட்டிருக்கிறார். அரசாங்கத்தின் டிரேட் மார்க் ஜர்னலில் விளம்பரம் வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம். அதில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

“அப்ப அந்த டி, எம்?”

“அது யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம்ங்க. கேட்டிருக்கேன்னு அர்த்தம், கெடச்சிருச்சுன்னு அர்த்தமில்ல. உங்க புக்க எடுக்கச் சொல்ல அவருக்கு இப்ப எந்த அதிகாரமும் கெடையாது.”

யார் வேண்டுமானாலும் போடலாமாம்! இது தெரிந்திருந்தால் என் ஜீப்பின் நெற்றியில், ‘பழனியாண்டவர் துணை’க்குப் பக்கத்திலேயே போட்டிருப்பேனே.

என் புத்தகத்தை மேடம் புரட்டினார். முதல் பக்கத்தில் நின்றார். ‘இக்கதைகளில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே.’

“இந்தப் பேர நீங்களா உருவாக்குனது?”

“ஆமாங்க” என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

“ரொம்ப நல்லது. அவருக்கு முன்னாடியே நீங்க பயன்படுத்துறீங்கன்னு புத்தகமே சொல்லுது. ஊர்ல ரெண்டு பேரு, ‘இது இவரோட பாத்திரம், இவரு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்’னு பிரமாணப் பத்திரம் குடுத்தாப் போதும். அவரு விண்ணப்பத்தத் தூக்கிரலாம்.”

ஊரில் இரண்டு பேர்! எனக்கு ஊரே சாட்சி! மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெற்றிப் பேச்சு ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன். எதிரே வந்த லாரிக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஹாரன் அடித்தார்.

முதல் கையெழுத்து நாகம்மாக்காவிடம் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்குக் கீழ்வயல் அவருடையது. வீட்டுக்காரர் வத்தலக்குண்டு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார், வாரத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் அந்த உருளைக்கிழங்கைக் காப்பது அக்காவும் அவருடைய தொண்டையும்தான்.

களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு கையெழுத்து வேணும்.”

“எதுக்கு? ஜாமீனா?”

“இல்லக்கா. பனியாண்டி என் ஆளுன்னு ஒரு வார்த்தை.”

களைக்கொத்து நின்றது.

“யாரு ஆளு?”

“என் ஆளு.”

“ஏலே, நீ மூக்கு ஒழுக்கிக்கிட்டுத் திரியிறப்பவே எங்க மாமியா பனியாண்டியக் கூப்பிட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. அது செத்த பெறகு அந்த வரப்புல நின்னு நான் கூப்புடுறேன். நடுவுல நீ எப்ப பெத்த?”

“அது வெறும் கூப்பாடுதானக்கா. அவனை ஆளா ஆக்குனது நானு. டார்ச் லைட்டு நான் குடுத்தது. பயந்தாங்கொள்ளியா ஆக்குனது...”

“யாரு பயந்தாங்கொள்ளி?”

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்தத் தெரிந்தால் நான் ஏன் பத்தி எழுதுகிறேன்?

“பனியாண்டிதான்க்கா. புத்தகத்துல படிக்கலையா?”

“எம் பனியாண்டி ஆறடி ஆளு. மீசை உண்டு. கையில அருவா இருக்கும். குடிக்க மாட்டான். கூப்புட்ட நிமிசம் நிப்பான். அவனப் போயி பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் அச்சடிச்சு வித்துருக்க. வித்துட்டு எங்கிட்டயே கையெழுத்தா?”

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயலுக்கு ஒரு பனியாண்டி இருந்திருக்கிறான். அக்காவுடையவனுக்கு மீசை. மேல்வயல்காரருடைய பனியாண்டிக்கு, பிறகு விசாரித்தேன், ஒரு காது கேட்காதாம். அதனால்தான் அவர் அவ்வளவு சத்தமாகக் கூப்பிடுகிறார்.

“அக்கா, கேஸுக்கு நல்லா இருக்கணும்னா என் பேருன்னுதான் சொல்லணும்.”

அக்கா எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்.

“நான் இங்க தனியாக் கெடக்கேன்னு பன்னிக்கும் தெரியக் கூடாது, மனுசனுக்கும் தெரியக் கூடாது. ரோட்டுல பைக்க நிறுத்திட்டு எவனாச்சும் வரப்புல எறங்குனா நான் யாரக் கூப்புடுவேன்? ஒன்னையா? ஒரு சத்தம், பனியாண்டீன்னு. ‘வந்துட்டேன்’னு நானே கட்டைக்கொரல்ல சொல்லுவேன். வந்தவன் வந்த வழியே போயிருவான். அதப் போயி ஒன்னோடதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்ற?”

நீட்டிய பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

“வேணும்னா ஒண்ணு செய்யி. நம்ம மலைப்பூண்டுக்குக் கவருமெண்டுல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல? ஒத்த ஆளுக்கா குடுத்தாங்க? இந்த மலையில பூண்டு போடுற அம்புட்டுப் பேருக்கும் சேத்துத்தானே? அதே மாதிரி பனியாண்டிக்கும் வாங்கு. ஊரே வந்து கையெழுத்துப் போடும்.”

“பூண்டுக்கு வாசம் இருக்குக்கா. மண்ணு இருக்கு. பனியாண்டிக்கு என்ன இருக்கு?”

“ஏன், ஒன் புத்தகத்துல தைல வாசம் வருதுல்ல?”

வீட்டுக்கு வந்து கொதித்தேன். என்ன ஊர் இது? இவர்களுடைய பன்றி விரட்டுகிற கூப்பாட்டை அட்டை போட்ட புத்தகமாக்கியவன் நான். ஒரு நன்றி உண்டா? ரோஹன் சாராவது ‘உள்ளூர் கதைசொல்லிகள்’ என்று போட்டார்... அப்போதுதான், யாரும் கேட்காமலே, ஒரு கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நான் என் புத்தகத்தில் ஊருக்கு என்ன போட்டேன்? ‘பெயர்கள் யாவும் கற்பனையே.’ யாருடைய கற்பனை என்று போடவில்லை. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று அந்தக் கேள்வியை விரட்டிப் பார்த்தேன். பன்றி பரவாயில்லை.

வக்கீல் மேடத்துக்கு போன் போட்டு, அக்கா மறுத்துவிட்டதை அழாத குறையாகச் சொன்னேன். அவர் குரலில் ஓர் உற்சாகம்.

“அப்ப அதையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க!”

“எதைங்க?”

“உண்மைய. ஊரே காலங்காலமாக் கூப்புடுற பேரு, ஒருத்தருக்குத் தனியாக் குடுக்கக் கூடாதுன்னு வாதாடலாம். தீர்ப்பு அவங்க கையில, ஆனா வாதம் பலமா இருக்கும். ஒரே ஒரு சங்கடம். அவருக்குக் கெடைக்கலேன்னா உங்களுக்கும் தனியாக் கெடைக்காது. நீங்க உங்க புக்க விக்கலாம், அவரு அவரு புக்க விக்கலாம்.”

“ஹூடி போட்டதையா?”

“ஹூடி போட்டதையும்தான்.”

“பேரு எனக்கே வேணும்னா?”

“அந்தம்மாவப் பொய் சொல்ல வைங்க. முடியுமா?”

நாகம்மாக்காவையா? அதற்குப் பன்றியை விரதம் இருக்க வைத்துவிடலாம்.

மனது ஆறவில்லை. எனக்குக் கிடைக்காதது அவருக்கும் கிடைக்காது என்று வந்தால் பாதி சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வந்தது. மீதிப் பாதி எரிந்துகொண்டே இருந்தது.

இந்த நிலைமையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோஹன் சாரே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். ஊரில் பேச்சு நடப்பது யார் மூலமாகவோ காதில் விழுந்திருக்கிறது. விளக்கிச் சொன்னால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என்று நம்பிக்கை. சாக்லேட் டப்பா கொண்டுவந்திருந்தார். நட்ஸ் போட்டது.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. நான் கீழ்வயலுக்குக் கூட்டிப்போக, நாகம்மாக்கா வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க தம்பி. பேரு ஒங்களுதுன்னே இருக்கட்டும். இது பன்னி எறங்குற நேரம். அந்தக் கீழ்மூலையில போயி நில்லுங்க. நான் கூப்புடுறேன், பதில் சொல்லுங்க.”

“நானா அக்கா?”

“பின்ன? கூப்புட்டா எவன் வாரானோ அவன் பேருதானேங்க அது.”

ரோஹன் சாருக்குப் பிடித்துவிட்டது. போனில் பதிவை ஓடவிட்டு, ஹூடியை — ஆமாம், அவரும் ஹூடிதான் — தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கீழ்மூலைக்குப் போனார். பத்தடியில் பனி அவரை விழுங்கியது.

“ஏலே பனியாண்டீ...!”

கீழேயிருந்து மெல்லிய குரல். “எஸ் அக்கா...!”

அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம். உர்... என்று. அது ரோஹன் சார் இல்லை.

அப்புறம் நடந்தது என்ன என்று கேட்டால், எனக்கே சரியாகத் தெரியாது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஜீப்புக்குள் ஏறியிருப்பேன். என் தொண்டை என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. “இந்தா வந்துட்டேங்க்கா!” என்று கத்திக்கொண்டு, பேட்டரி இல்லாத டார்ச்சோடு, கீழ்மூலையைப் பார்த்து ஓடுகிறேன். மேல்வயலில் இருந்து ஒரு “வந்துட்டேன்!” பக்கத்து வயலில் இருந்து ஒன்று. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பெண் குரலில் ஒன்று, கட்டைக்குரலில் அதுவே இன்னொன்று. பனிக்குள் மலையெல்லாம் பனியாண்டி.

பன்றி போய்விட்டது. ரோஹன் சார் உருளைக்கிழங்குச் செடிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா... எத்தன பேருண்ணா இருக்காங்க?”

“யாருமில்லைங்க” என்றேன். “அதான் சொன்னேனே.”

திங்கட்கிழமை அக்கா என் ஜீப்பிலேயே வத்தலக்குண்டு வந்து கையெழுத்துப் போட்டார். என் பெயர் என்றல்ல, ஊர்ப் பெயர் என்று. மேல்வயல்காரரும் போட்டார். ஆட்சேபணை மனு அனுப்பியாகிவிட்டது. அச்சகத்துத் தம்பியிடம் மேடமே பேச, இரண்டாவது புத்தகத்தின் அட்டை அச்சாகிறது. முதல் பக்கத்தில் கற்பனை கிற்பனை எதுவும் கிடையாது. ‘பனியாண்டியைக் கூப்பிட்டவர்களுக்கு’ என்று இருக்கும். சிக்கந்தர் பாய் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். இரண்டிலும் தைல வாசம்.

இதற்கெல்லாம் அக்கா சும்மா சம்மதித்தார் என்றா நினைக்கிறீர்கள்? நிபந்தனை. ஒன்று, புதுப் புத்தகத்தில் பனியாண்டிக்கு மீசை வைக்கவேண்டும். அது பரவாயில்லை. இன்னொன்றைக் கேளுங்கள்: அவர் வீட்டுக்காரர் மலைமேல் இல்லாத நாட்களில், அந்தியில் அவர் கூப்பிட்டால் நான் பதில் சொல்லவேண்டும். சொன்னால் மட்டும் போதாது, வரவும் வேண்டும்! இது என்னய்யா நியாயம்? பெயரும் எனக்கு இல்லையாம், வேலை மட்டும் எனக்காம்! நான் பத்தி எழுதுகிறவனா, பன்றி விரட்டுகிறவனா? பேசிப் பேசியே பிழைப்பவனை ஓட வைத்தால் எப்படி?

அது கிடக்கட்டும். முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு மத்தியானம் ரோஹன் சார் போன் செய்தார். “அண்ணா, அந்த அப்ளிகேஷன் விஷயமா ஒரு முடிவு பண்ணிருக்கேன்” என்றார். அவர் என்ன சொன்னார் என்றால் —

இருங்கள். கீழ்வயலில் இருந்து சத்தம்.

“ஏலே பனியாண்டீ...!”

அக்காதான். இப்போதுதான் பனி ஏறவே ஆரம்பித்திருக்கிறது, அதற்குள்ளாகவா? புத்தகத்தில் என்றால் ஜாலியாக உட்கார்ந்துகொண்டிருப்பான். எட்டுக் கதையிலும் ஒரு தடவைகூடப் போகாதவன்...

“ஏலே! காது கேக்கலையா? பைக்கு ஒண்ணு நிக்குதுலே இங்க!”

ஆபீஸ் மகராசி, போனை அணைக்க நேரமில்லை, இதோடு வெட்டிக்கொள்ளுங்கள் —

“இந்தா வந்துட்டேங்க்கா...!”